கொதிக்காமல் வேகும் சூப்

தமிழ்ச் சமையலறையில் நேரத்தை அளக்கக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. பருப்புக்கு மூன்று விசில், கொண்டைக்கடலைக்கு ஆறு, ஆட்டுக்கால் என்றால் பத்துக்கு மேல். அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் இரண்டு விசில்களுக்கு இடையே ஒரு நிமிடம்கூட ஆகாது. சிறிதாக்கி வைத்தால் ஐந்து நிமிடம் ஓடிவிடும். ஆகவே அறிவியல் கண்ணோடு பார்த்தால் விசில் ஓர் அளவே கிடையாது. ஆனாலும் நாம் அதை நம்பியே பழகிவிட்டோம். அதனால்தான் மின்சார பிரஷர் குக்கர் வாங்கியவர் வீட்டில் முதல் நாள் எழும் கேள்வி, “இதில் எத்தனை விசில் வைப்பது?” என்பதாக இருக்கிறது.

அதில் விசிலே கிடையாது. மூடியில் இருக்கும் சிறிய ஊசி ஒன்று மேலே எழும்பும், பிறகு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ அது ஊமையாக உட்கார்ந்திருக்கும். வேலை செய்கிறதா இல்லையா என்று பலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. பருப்பும் சோறும் மட்டும் வைப்பவர்களுக்கு அடுப்பு குக்கரே போதும், இதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் சூப் என்று வந்துவிட்டால், அந்த ஊமைத்தனம்தான் இந்தக் கருவியின் பெரிய தகுதி. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் அல்ல. ரைஸ் குக்கரின் மூடி ஆவியை அடைத்து வைப்பதில்லை. தண்ணீர் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பிரஷர் குக்கரின் மூடி ஆவியை அடைத்து வைக்கும். அதற்கு மின்சாரச் சூடேற்றியும் உணரிகளும் சேர்த்த வடிவத்துக்கு யோங்குவாங் வாங் என்ற சீன அறிவியலாளர் 1991இல் காப்புரிமை கோரினார். கனடாவின் ஒட்டாவா நகரில் ராபர்ட் வாங்கும் அவருடைய கூட்டாளிகளும் 2010இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘இன்ஸ்டன்ட் பாட்’ அதை உலகம் முழுக்க வீட்டுச் சாமானாக்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் சாம்பார் முதல் பிரியாணி வரை வைப்பது பெரும்பாலும் இதில்தான்.

ஆனால் மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தோடு சமைக்கும் யோசனைக்கு வயது 340க்கும் மேல். அது பிறந்ததே சூப்புக்காகத்தான் என்று சொன்னாலும் தவறில்லை. பிரான்ஸின் புளுவா நகரில் 1647இல் பிறந்த டெனி பாப்பேன், பாரிஸில் அறிவியலாளர் ஹைகன்ஸிடமும் லண்டனில் வேதியியலாளர் ராபர்ட் பாயிலிடமும் ஆய்வு உதவியாளராக இருந்தவர். 1679இல் அவர் கனத்த உலோகக் கலம் ஒன்றைச் செய்தார். மூடியைத் திருகாணிகளால் இறுக்கி, உள்ளே தண்ணீரும் எலும்பும் போட்டுச் சூடாக்கினார். 1681இல் அதைப் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பே எலும்பை மென்மையாக்கும் இயந்திரம் என்றுதான் பேசுகிறது. ஏழைகள் தூக்கியெறியும் எலும்பிலிருந்து மலிவாகச் சத்து எடுக்கலாம் என்பது அவர் கணக்கு. 1682 ஏப்ரலில் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு இந்தக் கலத்தில் சமைத்த விருந்து நடந்தது. அதை உண்ட ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின், மாட்டின் கடினமான எலும்புகளும் மெத்தென்று ஆகியிருந்ததைத் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார்.

பாப்பேனிடம் வெப்பமானி இல்லை. கலம் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று அறிய, மூடியில் இருந்த சிறு குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது வற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஊசலை வைத்து அளந்தார். நம் விசில் கணக்கைவிட இது நேர்மையான அளவு. கலம் வெடித்துவிடாமல் இருக்க அவர் வைத்த எடை தொங்கும் நெம்புகோல் வால்வுதான் பிற்காலப் பாதுகாப்பு வால்வுகளுக்கெல்லாம் முன்னோடி. நம் குக்கர் மூடியில் ஆடும் வெயிட் அதன் நேர் வாரிசு.

அழுத்தம் எப்படி உதவுகிறது? தண்ணீர் சூடாகும்போது அதிலிருந்து ஆவி கிளம்ப முயல்கிறது. அந்த ஆவியின் அழுத்தம் மேலேயுள்ள அழுத்தத்துக்குச் சமமாகும் கணத்தில் தண்ணீருக்குள்ளேயே குமிழி உண்டாகிறது. அதைத்தான் கொதித்தல் என்கிறோம். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், ஆகவே 100 டிகிரியில் கொதிக்கிறது. அதன் பிறகு எவ்வளவு தீ போட்டாலும் வெப்பம் ஏறாது. தண்ணீர்தான் வேகமாக வற்றும். ‘தளதள’வென்று கொதித்தால் சீக்கிரம் வேகும் என்பது அடுப்படியின் மிகப் பழைய மூடநம்பிக்கை. அந்தத் தளதளப்பின் வெப்பமும், ஓரத்தில் மெல்லக் குமிழியிடும் பாத்திரத்தின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே.

மூடியை இறுக்கி மேலே அழுத்தத்தைக் கூட்டினால் இந்த எல்லை நகர்கிறது. அடுப்பு குக்கர்கள் வளிமண்டல அழுத்தத்தின் மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தத்தைச் சேர்க்கின்றன. உள்ளே சுமார் 120 டிகிரி. மின்சார குக்கர்களில் பலவும் கொஞ்சம் அடக்கமானவை: கூடுதலாக 70 முதல் 80 கிலோபாஸ்கல் வரை, வெப்பம் 115 முதல் 118 டிகிரி வரை. வெறும் 16 டிகிரி கூடுதலுக்கு இத்தனை ஆரவாரமா என்று தோன்றலாம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பல வேதிவினைகளின் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 16 டிகிரிக்கு அது மூன்று மடங்கை எட்டிவிடும். அடுப்பில் மூன்று மணி நேரம் கிடக்க வேண்டிய எலும்பு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவதற்கு இதுவே காரணம்.

அந்தச் சிறிய அழுத்தத்தைக் குறைவாக எடைபோடவும் வேண்டாம். 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பளவைக் கணக்கிட்டு 75 கிலோபாஸ்கலால் பெருக்கிப் பாருங்கள்: மூடியைக் கீழிருந்து தள்ளும் விசை, 290 கிலோ எடைக்குச் சமம். மூன்று, நான்கு ஆட்கள் ஏறி நிற்கும் பாரம். மேலே எழும்பிய ஊசி மூடியைத் திருகவிடாமல் பூட்டுவது இதனால்தான். ஊசி இறங்காதவரை திறக்க முயலாதீர்கள் என்று கையேட்டில் எழுதியிருப்பது சம்பிரதாய எச்சரிக்கை அல்ல.

கருவி தன் அழுத்தத்தை அறியும் விதம் அழகானது. உள்ளே கரண்டியோ கம்பியோ எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. அழுத்தம் ஏற ஏற உள்பாத்திரம் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. அது உட்கார்ந்திருக்கும் அடித்தட்டு மிகச் சிறிதளவு வளைந்துகொடுக்கிறது. அந்த நகர்வு ஒரு சுவிட்சைத் தட்டிச் சூடேற்றியை அணைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் மீண்டும் எரியும். தட்டின் நடுவில் பாத்திரத்தின் அடியைத் தொட்டபடி ஒரு வெப்ப உணரியும் உண்டு. இந்த இரண்டின் தயவில், தப்பிக்க ஆவிக்கு வழி விடாமலே கருவி தன்னைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. அடுப்பு குக்கருக்கு இந்த வசதி இல்லை. எரிவாயு தன் போக்கில் எரிந்துகொண்டே இருக்கும். மிகையான அழுத்தத்தை வெயிட்டைத் தூக்கி வெளியே துப்புவதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. அந்தத் துப்பல்தான் விசில்.

சூப்பின் கதை இங்கேதான் திரும்புகிறது. விசில் அடிக்கும் அந்த விநாடிகளில் உள்ளே அழுத்தம் சட்டென்று சரிகிறது. 120 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர், அந்தக் குறைந்த அழுத்தத்துக்கு அதிகச் சூடானதாகிவிடுகிறது. பாத்திரம் முழுவதும் ஒரே நேரத்தில் குமுறிக் கொதிக்கிறது. விசில் நின்றதும் மறுபடி அடங்குகிறது. பத்து விசில் என்றால் பத்துக் குமுறல். மின்சார குக்கரில் ஊசி எழும்பிய பிறகு இந்தச் சரிவே இல்லை. உள்ளே 116 டிகிரி இருந்தும் மேலேயுள்ள அழுத்தம் குமிழிகளை எழவிடாமல் அமுக்கிவைக்கிறது. சூடேற்றி எரியும்போது அடியில் சில குமிழிகள் தோன்றலாம். மற்றபடி சூப் கொதிக்காமலே வேகிறது.

கொதிக்காததால் என்ன லாபம் என்று கேட்டால், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்கச் சொல்வேன். எலும்பிலிருந்து இறங்கும் கொழுப்பு, அமைதியான நீரில் மேலே மிதந்து படலமாக நிற்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். குமுறும் நீரில் அதே கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து, இறங்கியிருக்கும் ஜெலட்டின் அந்தத் துளிகளைப் பிடித்துக்கொள்ள, முழுவதும் கலங்கி வெண்மையாகிவிடும். இறைச்சியிலிருந்து வெளியேறித் திரளும் புரதமும் அமைதியான நீரில் கட்டியாக ஒதுங்கும், குமுறலில் தூளாகிக் கலக்கும். தெளிந்த சூப் வேண்டும் என்பதற்காகப் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் பானையைக் கொதிக்கவிடாமல் மணிக்கணக்கில் காவல் இருந்ததற்குக் காரணம் இதுவே. நம்மூரில் கலங்கிய ஆட்டுக்கால் சூப்பை யாரும் குறை சொல்வதில்லை. கலங்கல்தான் ‘திக்’ என்று பாராட்டுகூட வாங்கும். ஆனால் கோழியெலும்பில் மிளகும் சீரகமும் மட்டும் போட்டு வைக்கும் மெல்லிய சூப்பில் தெளிவுக்கும் கலங்கலுக்கும் நாக்கே வித்தியாசம் சொல்லும்.

இரண்டாவது லாபம் மணம். தெருமுனைவரை சூப் மணக்கிறது என்றால் அந்த மணம் கிண்ணத்துக்கு வரப்போவதில்லை என்று பொருள். மல்லி, சீரகம், பட்டை, இஞ்சி ஆகியவற்றின் வாசனை தருபவை எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். நீராவி வெளியேறும்போது அவற்றையும் வாரிக்கொண்டு போகும். நறுமண எண்ணெய் எடுக்கும் ஆலைகள் இதே உத்தியைத்தான் பயன்படுத்துகின்றன. ஆவி வெளியே போகாத பாத்திரத்தில் அவை மூடியில் பட்டுக் குளிர்ந்து திரும்பச் சொட்டுகின்றன. நியூயார்க்கின் டேவ் ஆர்னால்ட் என்ற சமையல் ஆய்வாளர், ஆவி விடும் குக்கரிலும் விடாத குக்கரிலும் கோழிச் சாறு காய்ச்சி ருசித்து ஒப்பிட்டவர்; விடாத குக்கரின் சாறே மேலானது என்பது அவருடைய முடிவு. இங்கிலாந்தின் ஹெஸ்டன் புளூமெந்தல் போன்ற பேர்பெற்ற சமையல் கலைஞர்களும் இறைச்சிச் சாற்றுக்குத் திறந்த பானையைவிட பிரஷர் குக்கரையே பரிந்துரைக்கிறார்கள்.

ஆனால் மூடிய பாத்திரம் நல்ல மணத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் காக்காது. ஆட்டின் கவிச்சி, முட்டைக்கோஸின் கந்தக வாடை, பழைய எலும்பின் மக்கல் நாற்றம் எல்லாம் உள்ளேயே தங்கும். திறந்த பானையில் இவை தாமாகப் போய்விடும், நுரையை அவ்வப்போது எடுக்கவும் முடியும். ஆகவே மின்சார குக்கரில் எலும்பு சூப் வைப்பவர்கள் ஒரு முன்வேலையைத் தவிர்க்கக் கூடாது: எலும்பைத் தனியாக ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அழுக்கு நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவிப் போடுவது. ஆட்டுக்காலை நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் இதில் பாதி வேலையை ஏற்கெனவே முடித்தவர்கள்.

தண்ணீர் அளவிலும் கவனம் வேண்டும். அடுப்பில் மூன்று லிட்டர் வைத்து இரண்டு லிட்டராக வற்றவைக்கும் கணக்கு இங்கே செல்லாது. வைத்த தண்ணீர் அப்படியே இருக்கும். ‘சப்பென்று இருக்கிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முதலிலேயே எலும்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும், அல்லது கடைசியில் மூடியைத் திறந்து வதக்கும் பொத்தானை அழுத்தி வற்றவிட வேண்டும். இரண்டாவது வழி மின்சாரத்தைத் தின்னும்: ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும். மூன்று லிட்டரை 30 டிகிரியிலிருந்து 116 டிகிரிக்குக் கொண்டுபோக ஆவதோ சுமார் 0.3 யூனிட்தான்.

இப்போது ஆட்டுக்காலுக்கு வருவோம். அதில் சதை சொற்பம். தோல், தசைநார், மூட்டுக் குருத்து என்று எல்லாமே கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு அது. சுமார் 60 டிகிரிக்கு மேல் முறுக்கு தளரத் தொடங்குகிறது. இழைகள் பிரிந்து தண்ணீரில் கரைந்தால் அதற்குப் பெயர் ஜெலட்டின். இளம் ஆட்டில் இந்தக் கயிறுகளுக்கு இடையே குறுக்குக் கட்டுகள் குறைவு. வயதான ஆட்டில் கட்டுகள் அதிகம், அவை அறுபட அதிக நேரமும் வெப்பமும் தேவை. முற்றிய கால் என்றால் கூடுதல் நேரம் என்று கசாப்புக் கடைக்காரர் சொல்வது இந்த வேதியியலைத்தான். மின்சார குக்கரில் உயர் அழுத்தத்தில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை வைத்தால் பெரும்பாலான கால்கள் இறங்கிவிடும். போதுமா என்று சோதிக்க எளிய வழி, ஆறிய சூப்பை ஃப்ரிட்ஜில் வைப்பது. உறைந்து ஆடினால் ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது. உதட்டில் லேசாக ஒட்டும் அந்தக் கெட்டித்தன்மையும் அதன் வேலைதான்.

இதைக் குடித்தால் உடைந்த எலும்பு கூடும், மூட்டு வலி போகும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பில் கால்சியம் இருக்கிறது, ஆனால் அது தண்ணீரில் அரிதாகவே கரையும் தாது வடிவில் இருக்கிறது. கிண்ணத்துக்கு வருவது கொஞ்சம்தான். ஒரு டம்ளர் பாலில் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. ஜெலட்டின் நம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்தே உடலுக்குள் போகிறது. நேராக மூட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை.

இந்த வாதம் புதிதுமல்ல. பாப்பேனின் கனவை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் தார்சே என்ற வேதியியலாளர் கையில் எடுத்தார். எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் சூப்பை மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெருமளவில் ஊற்றினார்கள். குடித்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் குழு அமைத்தது. உடலியலாளர் மஜாந்தி தலைமையிலான அந்தக் குழு நாய்களுக்கு ஜெலட்டினைக் கொடுத்துச் சோதித்து, இது தனி உணவாக உயிரைத் தாங்காது என்று 1841இல் அறிக்கை தந்தது. காரணம் பின்னாளில் தெரிந்தது: உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லவே இல்லை. நோயில் கிடப்பவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். சூடும் உப்பும் நீரும் பசியைத் தூண்டும் மிளகும் அவருக்கு நல்லதுதான். முட்டையும் பருப்பும் கூடவே கொடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

வறுத்த மணம் வேண்டுமானால் அதைத் தனியாகச் சம்பாதிக்க வேண்டும். இறைச்சியும் வெங்காயமும் பொன்னிறமாகும் வினைக்கு மெய்யார்ட் வினை என்று பெயர். அது விறுவிறுப்பாக நடக்க 140 டிகிரியை ஒட்டிய வெப்பமும் காய்ந்த பரப்பும் தேவை. தண்ணீருக்குள் 116 டிகிரியில் அது ஊர்ந்துதான் போகும். ஆகவே முதலில் அதே பாத்திரத்தில் சின்ன வெங்காயத்தையும் எலும்பையும் எண்ணெயில் சிவக்க வதக்கிவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றுவது நல்லது. ஒரு விதிவிலக்கு உண்டு. சோடா உப்பு சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால் குக்கரின் வெப்பத்திலேயே மெய்யார்ட் வினை ஓடத் தொடங்கும். நேதன் மிர்வால்டின் குழு 2011இல் வெளியிட்ட ‘மாடர்னிஸ்ட் குசின்’ என்ற சமையல் நூலால் புகழ்பெற்ற கேரட் சூப் இந்தத் தந்திரத்தில் பிறந்தது: கேரட், வெண்ணெய், துளி சோடா உப்பு, 20 நிமிட அழுத்தம். திறந்தால் கேரட் பழுப்பேறி, வறுத்த இனிப்போடு இருக்கும்.

காய்கறி சூப்பில் நேரம்தான் எதிரி. காயின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது கரைந்தால் காய் மெத்தென்று ஆகும். மேலும் கரைந்தால் கூழ். உயர் அழுத்தத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் பெரும்பாலான காய்களுக்குத் தாராளம். புளிப்பு இந்தக் கரைதலைத் தடுக்கும். பருப்போடு தக்காளியையும் புளியையும் முதலிலேயே போட்டால் பருப்பு வேக அடம்பிடிப்பது இதனால்தான். கால்சியம் மிகுந்த போர்வெல் தண்ணீரும் பெக்டினை இறுக்கும். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதன் பின்னணி இது. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, மிளகுத்தூள் மூன்றையும் அழுத்தத்துக்குள் அனுப்பவே வேண்டாம். மூடியைத் திறந்த பிறகு சூப்பின் சூட்டிலேயே கீரை வதங்கிவிடும், பச்சை நிறமும் நிற்கும். பூண்டுக்கு நேர்மாறு. முழுப் பல்லாகப் போட்டால் அதன் காரத்தை உண்டாக்கும் நொதி வெப்பத்தில் செயலிழக்கிறது. வெண்ணெய்போல் மசியும், இனிப்பான பூண்டு கிடைக்கும். ஒரு முழுப் பூண்டைச் சேர்த்தாலும் முகம் சுளிக்கத் தோன்றாது.

‘பர்ன்’ என்ற எச்சரிக்கை வந்து கருவி நின்றுவிடுவது புதிதாக வாங்கியவர்களின் பொதுப் புலம்பல். மெல்லிய சூப்பில் அடியில் சூடான நீர் மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்க, வெப்பம் தானாகப் பரவும். சோள மாவு, அரைத்த பருப்பு, தேங்காய் விழுது போன்றவை இந்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அடிப்படலம் மட்டும் சூடேறிக்கொண்டே போக, உணரி அலறுகிறது. வதக்கியபின் அடியில் ஒட்டியதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டிவிடுவதும், கெட்டிப்படுத்தும் எதையும் கடைசியில் சேர்ப்பதும் போதும். பாலும் தேங்காய்ப்பாலும் திரியாமல் இருக்கவும் கடைசியே அவற்றுக்கு உரிய இடம்.

ராஜ்மா சூப் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. சரியாக வேகாத சில பருப்புகளே கடும் வாந்தியைக் கொண்டுவரப் போதும். அழுத்தத்தில் வெந்தால் அது அழிந்துவிடும். ஆனால் இதே கருவியில் ‘ஸ்லோ குக்’ என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அதன் குறைந்த வெப்பத்தில் மணிக்கணக்காகக் கிடந்து ராஜ்மா மெத்தென்று ஆனாலும் நச்சு தங்கிவிடலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் பொத்தானில் மட்டும் வேகவையுங்கள்.

பெட்டியின்மேல் அச்சிட்ட ‘30 நிமிட சூப்’ வாசகத்தை நான் நம்புவதில்லை. 1,000 வாட் சூடேற்றி மூன்று லிட்டரை 116 டிகிரிக்குக் கொண்டுபோகவே, வெப்ப இழப்பே இல்லாவிட்டாலும், 18 நிமிடம் ஆகும். பிறகு வேகும் நேரம். அதன்பின் அழுத்தம் தானாக இறங்க இன்னொரு 20 முதல் 40 நிமிடம். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் பொறுமையிழந்து வெட்டிவிடுகிறார்கள். வால்வைத் திருகி ஆவியை ஒரேயடியாக வெளியேற்றினால் 116 டிகிரியில் இருக்கும் சூப் 100 டிகிரிக்கு இறங்க வேண்டும். மிகையான வெப்பம் தண்ணீரில் 3 விழுக்காட்டை உடனே ஆவியாக்கும். மூன்று லிட்டரில் அது 90 மில்லி, ஆவியாக விரிந்தால் 150 லிட்டர். அதுவரை கொதிக்காமல் காத்த சூப் அந்த இரண்டு நிமிடத்தில் அடங்காமல் குமுறி, கலங்கி, மணத்தையும் வெளியே அனுப்பிவிடும். பருப்பு சூப் என்றால் நுரை வால்வு வழியே சுவரில் தெறிக்கும். காய்கறிக்கு உடனே திறப்பது சரி, இல்லாவிட்டால் குழைந்துவிடும். எலும்புக்கும் பருப்புக்கும் ஊசி தானாக விழும்வரை காத்திருப்பதே முறை.

மலைவாசிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். குக்கர் சேர்க்கும் அழுத்தம் அங்குள்ள மெல்லிய காற்றின்மேல்தான் சேர்கிறது. ஆகவே உள்ளே 116க்குப் பதிலாக 112 டிகிரியே கிடைக்கும். சமவெளிச் சமையல் குறிப்பில் உள்ள நேரத்தோடு கால் பங்கைக் கூட்டிக்கொண்டால் சரியாக இருக்கும்.

கடைசியாக, மிச்சம் வைப்பது பற்றி. இந்தச் சூப்பைப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. உயிரைப் பறிக்கும் போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகளை அழிக்க, உணவின் நடுப்பகுதிவரை 121 டிகிரி வெப்பம் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். வீட்டு மின்சார குக்கர்கள் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஒரு நாள் வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. இறைச்சி சூப் பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும்போது, கொதியையும் தாங்கி உயிரோடிருக்கும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் முளைத்து, 45 டிகிரி வாக்கில் மளமளவென்று பெருகும். சூடாக வைத்திருக்கும் பொத்தான் 60 டிகிரிக்கு மேல் காக்கும்வரை பயமில்லை. அதை அணைத்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விட்டுவிடாதீர்கள். அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர்த் தட்டில் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குடியுங்கள்.